கீரிப்புள்ள இரண்டாம் பாகமும் என் வயிற்றெரிச்சலும்

கேபிள் டிவி தொழிலில் படம் நன்றாகத் தெரிகிறவரை உங்களை யாருக்கும் தெரியாது. படம் போய்விட்டால் உங்கள் மூன்று தலைமுறையும் தெருவுக்கே தெரிந்துவிடும். திருவண்ணாமலையில் பே கோபுரத்துக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டு முன்னறைதான் கண்ட்ரோல் ரூம். கம்பம் ஏறுவது, கம்பி இழுப்பது எல்லாம் என் வீட்டுக்காரர் பாபு. முன்னறையில் உட்கார்ந்து டிஸ்க் போடுவது, போன் எடுப்பது, எங்கள் உள்ளூர் சேனலில் மைக் பிடித்து அறிவிப்பு படிப்பது எல்லாம் நான், செல்வி. பௌர்ணமி எத்தனை மணிக்கு ஆரம்பம், எந்தத் தெருவில் இன்று தண்ணீர் வராது, யாருடைய செவலை மாடு காணோம், எல்லாம் என் வாயால்தான் ஊருக்குத் தெரியும்.

நீங்கள் ஏதாவது ஒன்றை நன்றாகச் செய்து நாலு பேரிடம் பெயர் வாங்கி, அடுத்த தடவை அதையே இன்னொருத்தி உங்களைவிட நன்றாகச் செய்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவரா? அப்படியானால் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுங்கள். நானும் உங்கள் கட்சிதான்.

பெயர் சூட்டு விழா

இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச நாளான ஒரு கோடை லீவு. பிள்ளைகள் வெயிலுக்குப் பயந்து வீட்டில் அடைந்து கிடந்தார்கள். "மத்தியானத்துல பசங்களுக்கு எதுனா போடுங்க" என்று ஒரே போன். பாபு வேலூருக்குப் போய் ஒரு பொம்மைப் படம் வாங்கி வந்தார். போட்டுப் பார்த்தால் முழுக்க இங்கிலீஷ். எங்கள் தெருப் பிள்ளைகளின் இங்கிலீஷ் பரீட்சை ஹாலைத் தாண்டாது. அவர் டிஸ்க்கைத் திரும்ப உறைக்குள் போடும்போது, "நான் தமிழ்ல பேசறேனே" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. மாடு காணோம் என்று படித்துப் படித்து அலுத்துப் போயிருக்கலாம்.

மூன்று தடவை படத்தைப் பார்த்து, புரிந்த இங்கிலீஷை வைத்துப் புரியாததை ஊகித்து, நீள நோட்டில் வசனம் எழுதினேன். டிஸ்க் சத்தத்தைக் குறைத்து என் மைக்கை ஏற்றிவிட்டால் முடிந்தது. ஆற்றில் வாழும் ஒரு குட்டி, அணை திறந்த தண்ணீரில் அடித்துக்கொண்டு போய்விடுகிறது. அதைத் தேடி ஒரு பெரிய பெண் பிராணி ஆற்றோடு போகிறது. இதுதான் கதை. குட்டிக்குக் கீச்சுக் குரல், காக்காவுக்கு மூக்கால், முதலைக்கு அடித்தொண்டையில். எல்லாம் நான் ஒருத்திதான்.

சிக்கல் அந்தப் பிராணியின் பெயரில் வந்தது. டிக்‌ஷனரியில் நீர்நாய் என்று போட்டிருந்தது. நீர்நாய் என்று சொன்னால், ஏன் குரைக்கவில்லை என்று போன் வரும். பார்க்கக் கீரி மாதிரி இருந்ததால் கீரிப்புள்ள என்றே பெயர் வைத்தேன். எங்கள் லைன் அடி அண்ணாமலை வரை போகிறது. அங்கே நிலத்தில் கடலை போடும் ஒரு பெரியவர் படம் முடிந்ததும் போனில் வந்தார். "நானும் இத்தினி வருசமா கொல்லியில கீரியப் பாக்கறேன், ஒண்ணு கூட தண்ணியில குதிச்சதில்ல. நீ சொல்றதால நம்பறேம்மா."

கறிவேப்பிலை

அந்த லீவு முடிவதற்குள் கீரிப்புள்ளயை ஆறு தடவை போட்டோம். பதிவு பண்ணும் வசதி எங்களிடம் இல்லை. ஒவ்வொரு தடவையும் நேராகப் பேசியாக வேண்டும். அதனால் ஒவ்வொரு தடவையும் வசனம் கொஞ்சம் மாறும். பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்து போனில் சண்டைக்கு வருவார்கள். ஒரு நாள் முதலை பேசிக்கொண்டிருக்கும்போது எங்கள் வீட்டுக் குக்கர் விசிலடித்தது. முதலை மூன்று விசில் வரை பேசாமல் காத்திருந்தது.

குட்டியைக் காணாமல் அம்மா ஆற்றங்கரையில் அழும் இடம் ஒன்று உண்டு. அங்கே நான் நோட்டைப் பார்ப்பதில்லை. வாய்க்கு வந்ததைச் சொல்லி அழுவேன். ஊரில் எனக்குக் "கீரியம்மா" என்றே பெயர் வந்துவிட்டது. பஸ்ஸில் இடம் கொடுத்தார்கள். ரேஷன் கடை வரிசையில் முன்னால் விட்டார்கள். பெருமையாக இருந்தது என்று சொன்னால் கம்மி. கண்ணாடி முன்னால் நின்று அந்த அழுகையை நானே எனக்கு அழுது காட்டியிருக்கிறேன். தேரடித் தெருவில் காய் விற்கும் அம்மாள் என் பையைப் பிடித்து நிறுத்திச் சொன்னார்: "அந்த அம்மா கொழந்தையத் தேடி அழுவறப்ப நானும் கடைய வுட்டுட்டு அழுதேன். இந்தா, கறிவேப்பிலை ஜாஸ்தியாவே வச்சிருக்கேன்."

இடது பக்கம் தமிழ்

ஒன்றரை வருஷம் கழித்து இரண்டாம் பாகம் வந்தது. நான் முன்கூட்டியே புது நோட்டு வாங்கி, மூன்று நாளாக மிளகுப் பால் குடித்துத் தொண்டையைத் தயார் பண்ணி வைத்திருந்தேன். பாபு டிஸ்க்கைப் போட்டார். இடது ஸ்பீக்கரில் தமிழ் பேசியது, வலது ஸ்பீக்கரில் இங்கிலீஷ். அந்தக் காலத்து டிஸ்க்கில் அப்படி ஒரு வசதி. பக்கத்துக்கு ஒரு மொழி. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் எங்கள் மிக்ஸரில் இரண்டுக்கும் தனித்தனிக் குமிழ் இருந்தது. வலதை மூடி இடதைத் திறந்தால் சென்னையில் யாரோ ஒழுங்காகப் பேசிக் கொடுத்த தமிழ் மட்டும் வரும்.

அந்தப் பெரிய கீரிக்குப் பேசியவள் யாரென்று தெரியாது. பெயர் போடவில்லை. துவைத்து இஸ்திரி போட்ட மாதிரி ஒரு குரல். கேட்ட நிமிஷமே எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. ஆற்றில் முழுகி எழுந்து மூச்சு வாங்கும்போதுகூட ழகரம் பிசகவில்லை. எந்த ஊர்க் கீரி இவ்வளவு சுத்தமாகப் பேசும்? நான் இப்படிக் குறை கண்டுபிடித்துக்கொண்டிருக்க, பாபு என் முகத்தைக்கூடப் பார்க்காமல் சந்தோஷமாகச் சொன்னார்: "இனிமே உனுக்குத் தொண்டை கட்டாது பாரு. டிஸ்க்கப் போட்டமா, எழுந்து போனமானு நீ உன் வேலையப் பாக்கலாம் செல்வி."

சித்தி வந்தாள்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போட்டோம். நான் மைக்கைத் துணி போட்டு மூடிவிட்டு, போன் பக்கத்தில் உட்கார்ந்து, ஊர் திட்டப் போகிறது என்று காத்திருந்தேன். நல்ல மனசோடு காத்திருந்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். பத்தாவது நிமிஷம் போன் அடித்தது. நீர்நாய் என்கிறார்களே, கீரிப்புள்ள எப்போது வரும் என்று ஒரு சின்னப் பெண். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அடுத்த போன் செங்கம் ரோட்டிலிருந்து. ஆசிரமத்துப் பக்கம் வெள்ளைக்காரர்களுக்கு ரூம் வாடகைக்கு விடும் சரோஜா அக்கா. எங்கள் சேனலை ஒரு நிமிஷம் விடாமல் பார்ப்பவர். அவர் கேட்ட ஒரு கேள்விக்குப் பிறகுதான் நான் டிவி பக்கம் ஒழுங்காகக் காதைத் திருப்பினேன். குட்டி அந்தப் பெரிய கீரியைச் "சித்தி" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. என் படத்தில் அவள் அம்மா. பெற்ற அம்மா. நான்தான் அப்படிப் பேசியிருந்தேன். முதல் படத்தில் குட்டி அவளை "மோமோ, மோமோ" என்று கூப்பிட்டதை, மழலையில் அம்மா என்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இப்போது பார்த்தால் மோமோ என்பது அவள் பெயராம். செத்துப்போன அம்மாவின் தங்கையாம்.

சரோஜா அக்காவிடம், "அது மெட்ராஸ்காரங்க பண்ண தப்புக்கா, அவங்களுக்கு மொதப் படம் தெரியாது" என்று கூசாமல் சொன்னேன். அன்றைக்கு மட்டும் இருபது பேரிடம் அதையே சொல்லியிருப்பேன். எல்லாரும் நம்பினார்கள். சரோஜா அக்கா முதலில் என்னிடம் கேட்டது இதுதான்: "ஏன் செல்வி, போன படத்துல பெத்தவளா இருந்தவள இந்தப் படத்துல சித்தி ஆக்கிட்டீங்களே, அந்தப் புள்ளைக்கு வெவரம் தெரிஞ்சா மனசு இன்னா பாடுபடும்?"

இன்டர்வலில் நடந்தது

ஒரு படத்துக்கு இரண்டு டிஸ்க். இன்டர்வல் வரை ஒன்று, பிறகு ஒன்று. இரண்டு படத்துக்கும் சேர்த்து நாலு டிஸ்க்கும் பெயர் எழுதாமல் ஒரே டப்பாவில் கிடந்தன. முதல் பாகத்தைத் திரும்பப் போடச் சொல்லிப் பிள்ளைகள் கேட்டதால் ஒரு சனிக்கிழமை நான் மைக்கில் உட்கார்ந்தேன். முதல் டிஸ்க்கை என் குரலில், வெறியோடு பேசினேன். அவளுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று ஊருக்குக் காட்ட வேண்டாமா? இன்டர்வலில் விளம்பர ஸ்லைடுகளை ஓடவிட்டு, இரண்டாவது டிஸ்க்கைப் போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்க உள்ளே போனேன்.

திரும்பி வந்தால் டிவியில் சென்னைக்காரி பேசிக்கொண்டிருந்தாள். நான் போட்டது இரண்டாம் பாகத்தின் இரண்டாவது டிஸ்க். முதல் பாதியில் அம்மா, பின்பாதியில் சித்தி. முதல் பாதியில் வெயில், பின்பாதியில் மழை. நிறுத்தினால் திட்டு விழும், நிறுத்தாவிட்டாலும் விழும் என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். படம் முடிகிறவரை ஒரு போன்கூட வரவில்லை. முடிந்த பிறகு ஒரே ஒரு போன், ரிடையர் ஆன தமிழ் வாத்தியார் ஒருவரிடமிருந்து. தனித்தனியாகப் பார்த்தபோது இரண்டு படமும் சுமார்தான், இன்றைக்குத்தான் கதை நிறைவாக இருந்தது என்றார். எப்படி சார் என்று கேட்டேன். "இன்டர்வல்ல அம்மா தவறிட்டாங்க, குட்டியோட அப்பா ரெண்டாந்தாரமா மச்சினிச்சியையே கட்டிக்கினாருனு நானே புரிஞ்சிக்கினேன். எல்லாத்தையும் வாயால சொல்லிட்டா அது என்னம்மா கதை?"

எது ஒசத்தி

ஊரில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. டீக்கடையில், பள்ளிக்கூட வாசலில், முதல் பாகமா இரண்டாம் பாகமா என்று பேச்சு. கம்பம் ஏறப் போன பாபு ஒவ்வொரு நாளும் ஓட்டு எண்ணிக்கை மாதிரி வந்து சொல்வார். சின்னப் பிள்ளைகள் எல்லாம் என் பக்கம். பெரியவர்களில் பாதிப் பேர் அந்தப் பக்கம். பாபுவும் அந்தப் பக்கம் என்று எனக்குச் சந்தேகம். சும்மா இருக்கும்போது இரண்டாம் பாகத்தைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். கண்ணை மூடிக்கொண்டு பொம்மைப் படம் பார்க்கிற ஆம்பளையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? "சும்மா சொல்லக் கூடாது, அந்தக் கொரல்ல ஒரு இது இருக்குது" என்பார். எது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அன்றைக்கு ரசத்தில் உப்பு போட எனக்கும் தெரியாது.

அது என்ன "ஒரு இது" என்று பார்த்துவிடலாம் என்று ஒரு நாள் அவர் வெளியே போன பிறகு தனியாக உட்கார்ந்து பார்த்தேன். நியாயமாகச் சொல்வதானால், கதையில் முதல் பாகம்தான் ஒசத்தி. இரண்டாவதில் காக்கா பழைய ஜோக்கையே திரும்பச் சொல்கிறது. பாட்டு ஜாஸ்தி. முதலை திருந்திவிட்டதாம், திருந்திய முதலையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆனால் கடைசியில் ஒரு வெள்ளம் வருகிறது. மரக்கட்டையைப் பிடித்துக்கொண்டிருக்கும் சித்தியின் கையிலிருந்து குட்டி நழுவுகிறது. நழுவும்போது முதல்முறையாக, இரண்டு படத்துக்கும் சேர்த்து முதல்முறையாக, "அம்மா" என்று கூப்பிடுகிறது. நான் என்றால் அங்கே ஊரைக் கூட்டி அழுதிருப்பேன். அவள் அழவில்லை. பேசக்கூட இல்லை. ஒரு மூச்சு, அவ்வளவுதான். அந்த மூச்சில் எல்லாம் இருந்தது. பொறாமையில் எனக்குக் காது வரை சூடேறியது.

பிறகுதான் இன்னொன்று உறைத்தது. இந்த ஊரில் அந்த இடத்துக்கு யாரும் அழவில்லை. எப்படி அழுவார்கள்? குட்டி அவளை அம்மா என்று கூப்பிடுவது இங்கே யாருக்கும் புதுசில்லையே. முதல் படம் முழுக்க, ஆறு தடவை, நான்தான் அப்படிக் கூப்பிட்டுத் தீர்த்திருந்தேன். இரண்டு படத்திலும் இருந்த ஒரே பெரிய இடத்தை நான் பாழாக்கிவிட்டு, பழியையும் அவள் மேலேயே போட்டிருந்தேன். பாபு திரும்பி வந்து என் கண்ணைப் பார்த்தார். டிவியைப் பார்த்தார். "ஏன் அழுவற? அவ நல்லா பேசறாளேன்னா, இல்ல உன்னவிட நல்லா பேசறாளேன்னா?"

வெள்ளம்

பிள்ளைகள் விடவில்லை. அரைப் பரீட்சை லீவு வந்ததும், இரண்டாம் பாகத்தையும் கீரியம்மாதான் பேச வேண்டும், நீர்நாய் வேண்டாம், கீரிப்புள்ளதான் வேண்டும் என்று போன் மேல் போன். கடைசியில் பாபுவே மைக் மேலிருந்த துணியை எடுத்தார். புது நோட்டு நிரம்பியது. இடதை மூடி, வலதுபக்க இங்கிலீஷைக் குறைத்து வைத்து ஒத்திகை பார்த்தேன். காக்கா, முதலை எல்லாம் சரியாக வந்தன. வெள்ளத்தில் மட்டும் வரவில்லை. அந்த ஒரு மூச்சைப் பத்து தடவை விட்டுப் பார்த்தேன். ஒரு தடவை கொட்டாவி மாதிரி இருந்தது. ஒரு தடவை இழுப்பு மாதிரி இருந்தது. மூச்சை விட்டுவிட்டு நானே அழுதுவிட்டேன், அது அதைவிட மோசம்.

அன்றைக்குப் படம் போடுவதற்கு முன் மைக்கில் சொன்னேன்: "நேயர்களே, முதல் பாகத்தில் நான் அம்மா என்று சொன்னது தப்பு. அவள் சித்திதான். அதில் குட்டி அவளை ஒரு தடவைகூட அம்மா என்று கூப்பிட்டது கிடையாது. சென்னைக்காரர்கள் பேசியதுதான் சரி." செவலை மாடு காணோம் என்று சொல்கிற அதே குரலில் சொல்லிவிட்டேன். பாபு வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

படம் நன்றாகப் போனது. சித்தி என்று கூப்பிடும்போதெல்லாம் கொஞ்சம் அழுத்திக் கூப்பிட்டேன். வெள்ளம் வந்தது. நோட்டில் அந்தப் பக்கத்தில் என் கையெழுத்தில் "மூச்சு" என்று மட்டும் எழுதியிருந்தது. அதைப் பார்த்தேன். மைக்கை அணைத்தேன். வலது குமிழை மூடி, இடதைத் திறந்தேன். குட்டி "அம்மா" என்றது. அவள் அந்த மூச்சை விட்டாள். நான் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். பிறகு இடதை மூடி, மைக்கைத் திரும்பப் போட்டு மிச்சப் படத்தை நானே பேசி முடித்தேன்.

முடிந்த கையோடு போன் அடித்தது. சரோஜா அக்கா. மூக்கை உறிஞ்சிக்கொண்டே பேசினார். தப்பை ஒப்புக்கொண்டது பெரிய மனசு என்றார். காக்கா நல்லா சிரிக்க வச்சது என்றார். நான் எதிர்பார்த்ததெல்லாம் அவ்வளவுதான். ஆனால் அவர் போனை வைக்கவில்லை. "மத்ததெல்லாம் வுடு செல்வி. வெள்ளத்துல அது அம்மானு கூப்ட்டப்ப நீ ஒரு மூச்சு வுட்ட பாரு, எனுக்குத் தாங்கல. அன்னிக்கு அந்த மெட்ராஸ்காரி பேசினப்ப எனுக்கு ஒண்ணுமே தோணல. அந்த மாதிரி ஒரு மூச்சு வுடறதுக்கு அவ இன்னொரு ஜென்மம் எடுக்கணும்."

"ரொம்ப தேங்க்ஸ்க்கா" என்று சொல்லிப் போனை வைத்தேன்; ஒரே நாளில் இரண்டு தப்பை ஒப்புக்கொள்ளும் அளவுக்கு எனக்குத் தொண்டை பத்தாது.